காணாமல் போனாராம் ஹேஸல் ஸ்காட்!

2025-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியிலே ஒரு படம் காட்டினார்கள். ஹேஸல் ஸ்காட் என்ற கறுப்பினப் பியானோக் கலைஞரின் வாழ்க்கையைச் சொல்லும் படம். அதற்கு இட்ட பெயர், நம் மொழியில் சொன்னால், ‘மிஸ் ஸ்காட் காணாமற்போனது’.

காணாமல் போனாராம்! திருவிழாக் கூட்டத்தில் கைதவறிப் போன குழந்தையா அவர்? காணாமல் போனவரை நாலு பேர் தேடுவார்கள், தண்டோரா போடுவார்கள். ஹேஸல் ஸ்காட்டை யாரும் தேடவில்லை. தேட வேண்டிய அவசியமும் இல்லை. அவர் எங்கே இருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். பாரிஸ் நகரத்தில் இருந்தார். ஏன் அங்கே போனார் என்பதும் தெரியும். அந்தப் படத்துக்குள்ளே நடந்ததைச் சொல்லித்தான் இருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. என் சண்டை அந்தத் தலைப்போடு. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டு, பிறகு ‘ஆளைக் காணோமே’ என்று கையை விரிப்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு பேச்சும் இருக்கிறது. அது இதைவிட மோசமானது. ‘பாவம், அந்த அம்மாள் கம்யூனிஸ்டே அல்ல. பிசகாக அவர் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நிரபராதி தண்டிக்கப்பட்டு விட்டார்’ என்று கண்ணைத் துடைத்துக் கொள்கிறவர்களின் பேச்சு. நல்ல மனசோடு சொல்கிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அனுதாபத்துக்குள்ளே ஒரு துளி விஷம் இருக்கிறது தோழர்களே! ஹேஸல் ஸ்காட் விஷயத்தில் எந்தப் பிசகும் நடக்கவில்லை. ஆளைப் பார்த்து, அடையாளம் தெரிந்துதான் அடித்தார்கள். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சங்கீத விமர்சனம் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. கோயில் நாதஸ்வரமும், சேரியில் பறையும், கூட்ட மேடையில் நம் தோழர்கள் பாடுகிற பாட்டும் கேட்டு வளர்ந்த காது இது. இருந்தாலும் 1943-ல் எடுத்த ஒரு சினிமாத் துண்டில் அந்த அம்மையார் இரண்டு பியானோக்களுக்கு நடுவே உட்கார்ந்து, இடது கை ஒன்றிலும் வலது கை மற்றொன்றிலுமாக வாசிப்பதை இளைஞர் ஒருவர் எனக்குக் காட்டினார். 2019-ல் கிராமி பரிசளிப்பு விழாவிலே அலிசியா கீஸ் என்ற பாடகி அதே மாதிரி இரண்டு பியானோ வாசித்து, ஹேஸல் ஸ்காட்டின் பெயரைச் சொல்லி வணங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்தப் பழைய துண்டு கோடிக்கணக்கான கைகளில் சுற்றுகிறது. வாசிக்கும்போது அந்த முகத்திலே ஒரு சிரிப்பு. ‘இது எனக்குக் கஷ்டமே இல்லை’ என்கிற சிரிப்பு. அந்த சினிமாவின் பெயரை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்: ‘தி ஹீட்ஸ் ஆன்’. பிறகு அதற்கு வருகிறேன்.

சின்ன விரல்களின் சாமர்த்தியம்

1920 ஜூன் 11-ல் டிரினிடாட் தீவின் போர்ட் ஆப் ஸ்பெயின் நகரத்தில் பிறந்தவர் ஹேஸல். தாயார் ஆல்மா, முறையாகப் பியானோ கற்றவர். 1924-ல் பாட்டியும் தாயும் இந்த நாலு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நியூயார்க்குக்குப் பிழைக்க வந்தார்கள். கறுப்பின மக்கள் நிறைந்த ஹார்லெம் பகுதியில் குடியேறினார்கள். சங்கீதம் படித்த தாய்க்கு அந்தப் பெரிய நகரத்தில் முதலில் கிடைத்த வேலை என்ன தெரியுமா? பணக்கார வெள்ளையர் வீட்டில் வேலைக்காரி! பிறகு ஸாக்ஸபோன் என்ற ஊதுகருவியைத் தாமே கற்றுக்கொண்டு, பெண்கள் மட்டுமே வாசித்த வாத்தியக் குழுக்களில் சேர்ந்து குடும்பத்தைக் காப்பாற்றினார் அந்த வீரத்தாய்.

மகளுக்கு எட்டு வயதானபோது, நியூயார்க்கின் பேர்பெற்ற ஜூலியார்ட் சங்கீதப் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அங்கே சேரப் பதினாறு வயதாக வேண்டும். குழந்தை, ராஹ்மானினாவ் என்ற ருஷ்ய மேதையின் உருப்படி ஒன்றை வாசித்துக் காட்டியது. எட்டாவது கட்டையை எட்டிப் பிடிக்க விரல் நீளம் போதவில்லை. அதற்காக அது அழவில்லை, நிறுத்தவும் இல்லை. எட்டும் தூரத்தில் இருந்த ஆறாவது கட்டையை அழுத்தி, சுருதி கெடாமல் சமாளித்தது. இதைக் கேட்ட வாக்னர் என்ற ஆசிரியர், சட்டம் இடங்கொடுக்காவிட்டாலும் தம் சொந்த மாணவியாக அவரை ஏற்றுக்கொண்டார்.

தப்பான இடம்

நியூயார்க்கிலே அந்தக் காலத்தில் கறுப்பினக் கலைஞன் மேடையில் வாசிக்கலாம். மேடைக்குக் கீழே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. பேர்போன விடுதிகளின் லட்சணமெல்லாம் இதுதான். கொல்லைப்புற வாசலில் வர வேண்டும், வாசித்துவிட்டு அதே வழியில் போக வேண்டும்.

1938 டிசம்பரில், பார்னி ஜோசப்ஸன் என்பவர் இந்த வழக்கத்தை உடைத்து ‘கபே சொஸைட்டி’ என்ற இரவு விடுதியைத் திறந்தார். மனுஷர் அதுவரை ஜோடு விற்றுப் பிழைத்தவர். அங்கே கறுப்பர், வெள்ளையர் எவர் வந்தாலும் எந்த மேஜையிலும் உட்காரலாம். ‘தகுதியான பேர்வழிகளுக்குத் தப்பான இடம்’ என்று பொருள்பட அந்த விடுதிக்கு அவரே கேலியாக விளம்பரம் செய்தார். 1939-ல், தெற்கத்தி மாகாணங்களில் கறுப்பின மக்களை மரத்தில் தூக்கிலிட்ட கொடுமையைப் பற்றிய பாட்டை பில்லி ஹாலிடே என்ற மாபெரும் பாடகி அந்த மேடையில்தான் பாடினார். அவர் விட்ட இடத்திற்கு வந்தவர், பத்தொன்பது வயது ஹேஸல் ஸ்காட்.

அவர் அங்கே செய்த காரியம் இது. லிஸ்ட், ஷோபான், பாக் என்று ஐரோப்பாவின் பெரிய மேதைகளின் உருப்படிகளைப் பாடம் பிசகாமல் தொடங்குவார். பட்டு உடுத்திய கனவான்கள் தலையாட்டிக் கொண்டிருப்பார்கள். திடீரென்று இடது கை, ஹார்லெம் தெருவில் ஒருவன் உற்சாகமாக நடந்து வருகிற மாதிரி ஒரு தாளத்தைப் போட ஆரம்பிக்கும். வலது கை கொஞ்ச நேரம் ஒன்றும் அறியாததுபோல் இருந்துவிட்டு, பிறகு தானும் அதோடு சேர்ந்து ஆடும். ராஜசபைச் சங்கீதம் தெருவுக்கு வந்துவிடும். ஜனங்கள் எழுந்து நின்றார்கள்! குரலும் அப்படித்தான், மெதுவாக, நெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து சொல்கிற குரல். 1945-ல் அவருடைய வருஷ வருமானம் 75,000 டாலர்.

‘அப்படியானால் அவர் பணக்காரி. மில் தொழிலாளிக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?’ என்று கேட்கும் தோழர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ஒரு துணித்துண்டில் இருக்கிறது.

ஏப்ரன் சண்டை

ஹாலிவுட் சினிமா முதலாளிகள் அவரைத் தேடி வந்தார்கள். என்ன வேஷத்தோடு? பாட்டுப் பாடும் வேலைக்காரி வேஷத்தோடு! அன்றைய அமெரிக்க சினிமாவில் கறுப்பினப் பெண் என்றால் வேலைக்காரி. முழியை உருட்டுவாள், எஜமானியம்மாளைச் சிரிக்க வைப்பாள். ஹேஸல் ஸ்காட் அந்த வேஷங்களை ஏற்க மறுத்தார். வீட்டு வேலையைக் கேவலமென்று அவர் நினைக்கவில்லை. தாயே அந்த வேலை செய்து வளர்த்த மகளல்லவா? ஆனால் ஒரு முழு இனத்துக்கு அந்த ஒரு வேஷம்தான் என்று கோடு போட்டால் அதை எப்படி ஏற்பது? ‘ஹேஸல் ஸ்காட்டாகவே, பியானோக் கலைஞராகவே திரையில் வருவேன். என் பாட்டையும் என் உடுப்பையும் நானே தீர்மானிப்பேன்’ என்று காண்ட்ராக்டில் எழுதி வாங்கினார். 1943 முதல் 1945 வரை ஐந்து படங்களில் வந்தார்.

அவற்றில் ஒன்றுதான் ‘தி ஹீட்ஸ் ஆன்’. எடுத்தது கொலம்பியா கம்பெனி. யுத்தகாலம். கறுப்பினச் சிப்பாய்கள் போர்முனைக்குப் புறப்படுகிறார்கள். அவர்களுடைய காதலிகள் வழியனுப்ப வருகிறார்கள். ஹேஸலுக்கு ராணுவப் பெண் அதிகாரியின் மிடுக்கான உடுப்பு. வழியனுப்ப வரும் பெண்களுக்கு? ஏப்ரன்! சமையற்காரரும் வேலைக்காரிகளும் உடைக்குமேல் முன்பக்கமாகக் கட்டிக்கொள்ளும் துணி. அதுவும் சுத்தமான துணிகூட அல்ல. அழுக்கேற்றிய ஏப்ரன்.

யோசித்துப் பாருங்கள் தோழர்களே! மகனையோ புருஷனையோ யுத்தத்துக்கு அனுப்ப ரயிலடிக்குப் போகிற பெண், எவ்வளவு ஏழையானாலும், பெட்டியிலிருந்து இருப்பதில் நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு போவாளா, மாட்டுக் கொட்டகையைக் கூட்டிய சேலையோடு போவாளா? திரும்பி வருவானோ மாட்டானோ என்று தெரியாத நிலையில் அவன் கண்ணில் கடைசியாகப் படப்போகிற கோலம் அல்லவா அது? கறுப்பினப் பெண்ணுக்கு அந்த மானமும் ரோஷமும் கிடையாது என்று கொலம்பியா கம்பெனி முடிவு செய்துவிட்டது.

ஹேஸல் கேட்டார். ‘உனக்கென்ன? உன் உடுப்பு அழகாகத்தானே இருக்கிறது!’ என்ற தோரணையில் நடனத்தை நடத்தியவர் பதில் சொன்னதாக அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பதிலை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! ‘உனக்கு என்னப்பா, நீ பர்மனெண்ட். பதிலி ஆளுக்காக நீ ஏன் வாய் திறக்கிறாய்?’ ‘உனக்குக் கூலி கொடுத்தாயிற்று. அடுத்த களத்துக்காரனைப் பற்றி உனக்கென்ன பேச்சு?’ இதற்கு மயங்கி வாயை மூடிக்கொண்டவர்கள் உண்டு. ஹேஸல் ஸ்காட் மூடவில்லை. அந்தப் பெண்கள் நட்சத்திரங்கள் அல்ல, காண்ட்ராக்டில் ஷரத்து எழுதி வாங்கும் சக்தி அவர்களுக்கு இல்லை. அவர்களுக்காக இந்த நட்சத்திரம் வேலைநிறுத்தம் செய்தது! மூன்று நாள் அவர் படப்பிடிப்புக்கு வரவில்லை. காமிராக்கள் சும்மா நின்றன. முதலாளியின் பணம் மணிக்கணக்கில் கரைந்தது. மூன்றாம் நாள் முடிந்ததும் முதலாளி இறங்கி வந்தார். ஏப்ரன்கள் போயின.

கொலம்பியாவின் அதிபர் ஹாரி கோன், தாம் உயிரோடு இருக்கும்வரை இவள் எந்த ஸ்டூடியோவிலும் கால் வைக்க முடியாது என்று சபதம் போட்டதாகச் சொல்வார்கள். ஹாலிவுட் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. 1943-ல் தொடங்கிய பழிவாங்கல் இது. அப்போது எந்தக் கமிட்டியும் அவரை விசாரிக்கவில்லை, கம்யூனிஸ்டா என்று யாரும் கேட்கவும் இல்லை. முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் மட்டும் ஒரு குறிப்பு ஏறியது.

250 டாலர்

அந்தக் குறிப்புக்குக் கீழே மேலும் மேலும் எழுத வைத்தார் ஹேஸல். தம் கச்சேரிக் காண்ட்ராக்டில் இன்னொரு ஷரத்தும் வைத்தார்: கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து உட்காரவைக்கும் மண்டபத்தில் வாசிக்க மாட்டேன். 1948-ல் டெக்ஸாஸ் மாகாணத்தின் ஆஸ்டின் நகரத்துக்குப் போனார். டிக்கெட் அத்தனையும் விற்றாகிவிட்டது. அங்கே போய்ப் பார்த்தால் ஜனங்களைப் பிரித்து உட்காரவைத்திருக்கிறார்கள். வாசிக்க முடியாது என்று திரும்பிவிட்டார். என் சங்கீதம் வேண்டும், ஆனால் என்னைப் போன்றவர் பக்கத்தில் உட்காரக்கூடாது என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டார்.

அதற்கு முன்பே, 1945-ல், அவர் ஆடம் கிளேடன் பவல் என்பவரை மணந்தார். ஹார்லெம் மக்கள் 1944-ல் தேர்ந்தெடுத்து வாஷிங்டன் பிரதிநிதி சபைக்கு அனுப்பிய கறுப்பின உறுப்பினர் அவர். கல்யாணமாகிச் சில மாதத்திலேயே, தலைநகரின் கான்ஸ்டிட்யூஷன் மண்டபத்தில் ஹேஸல் கச்சேரி செய்ய இடம் கேட்டார்கள். அந்த மண்டபத்துக்குச் சொந்தமான சீமாட்டிகள் சங்கம் கைவிரித்தது. வெள்ளையருக்கு மட்டுமே மேடை. பிரதிநிதி சபையில் உட்கார்ந்து சட்டம் செய்கிறவரின் மனைவிக்கு அந்தச் சபை இருக்கும் ஊரிலேயே மேடை இல்லை! கணவர் எதிர்த்துக் குரல் கொடுத்தார். ஜனாதிபதி ட்ரூமனின் மனைவியோ, அந்தச் சீமாட்டிகள் கொடுத்த தேநீர் விருந்துக்குப் போய்வந்தார்.

1949-ல் வாஷிங்டன் மாகாணத்திலே பாஸ்கோ என்ற ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தார். கறுப்பருக்குச் சாப்பாடு போடுவதில்லை என்றார்கள். நம் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தனிக் குவளையில் டீ குடித்தவர்களும், குடிக்க மறுத்து அடிபட்டவர்களும் இதைப் படிக்கிறீர்கள். ஹேஸல் வழக்குப் போட்டார். ஜூரிகள் 250 டாலர் நஷ்டஈடு தீர்ப்பளித்தார்கள். 75,000 டாலர் சம்பாதிப்பவருக்கு 250 டாலர் எம்மாத்திரம்! பணத்துக்காகவா கோர்ட்டுப்படி ஏறினார்?

பட்டியல் வியாபாரம்

இப்போது 1950-க்கு வருவோம்.

உளவு போலீசிலிருந்து வெளிவந்த மூன்று ஆசாமிகள் 1947-ல் ஒரு கம்பெனி தொடங்கினார்கள். சரக்கு என்ன? கம்யூனிஸ்டுகள் பெயர்! யார் எந்தக் கூட்டத்துக்குப் போனார், எந்த மகஜரில் கையெழுத்துப் போட்டார், யாருக்கு நிதி தந்தார் என்று பொறுக்கிச் சேர்த்து, ‘எதிர்த்தாக்குதல்’ என்று பெயர் வைத்த ஒரு தாளில் அச்சடித்துச் சந்தாவுக்கு விற்றார்கள். தேசபக்தி என்று பேர். சந்தாதாரர் கம்பெனி முதலாளிகள். 1950 ஜூன் 22-ல் இதே கூட்டம் ‘ரெட் சேனல்ஸ்’ என்ற புத்தகத்தை வெளியிட்டது. ரேடியோ, தொலைக்காட்சி, நாடகத் துறைகளில் உள்ள 151 பேர் அதில் இருந்தார்கள். ஆர்ஸன் வெல்ஸ், லெனா ஹார்ன், லியனார்ட் பெர்ன்ஸ்டைன், லாங்ஸ்டன் ஹ்யூஸ், பீட் சீகர் என்று அமெரிக்கக் கலையின் மணிகள் எல்லாம் அங்கே. மூன்றே நாளில் கொரியா யுத்தம் மூண்டது. புத்தகத்துக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

சூழ்ச்சி எப்படி வேலை செய்தது என்பதை மில் தொழிலாளி சுலபமாகப் புரிந்துகொள்வார். அந்த நாட்டில் ரேடியோவும் தொலைக்காட்சியும் சோப்புக் கம்பெனி, சிகரெட் கம்பெனி விளம்பரப் பணத்தில் ஓடுகிறவை. பட்டியலில் பெயர் வந்தவரைக் கைது செய்ய வேண்டாம், வழக்குப் போட வேண்டாம். விளம்பரக்காரன் நிலைய முதலாளிக்கு ஒரு டெலிபோன் செய்தால் போதும். ‘அந்த ஆள் வேண்டாமே.’ காரணம் சொல்ல மாட்டார்கள். கடிதம் தர மாட்டார்கள். ஒரு மில்லில் டிஸ்மிஸ் ஆனவனுக்கு அந்த வட்டாரத்தில் எந்த மில் கேட்டும் திறக்காதே, அதே வித்தைதான்.

அந்தச் சமயத்தில் ஹேஸல் ஸ்காட்டுக்கு டூமான்ட் தொலைக்காட்சியில் சொந்த நிகழ்ச்சி. 1950 ஜூலை 3-ல் தொடங்கியது. பதினைந்து நிமிஷம், பியானோவும் பாட்டும். அமெரிக்காவில் தம் பெயரிலேயே தொலைக்காட்சி நிகழ்ச்சி நடத்திய முதல் கறுப்பினப் பெண் அவர். வெள்ளையர் வீட்டுக் கூடத்துக்குள்ளே கறுப்பினப் பெண் ஒருத்தி தலைநிமிர்ந்து வந்து உட்கார்ந்தாள், ஏப்ரன் இல்லாமல்!

பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ஒன்பது ஸ்தாபனங்களைப் போட்டிருந்தார்கள். அவர் ஒளியவில்லை. யாரும் கூப்பிடாமலே, தாமாகவே 1950 செப்டம்பர் 22-ல் வாஷிங்டனில் பிரதிநிதி சபையின் ‘அமெரிக்கவிரோதச் செயல்கள்’ கமிட்டிமுன் போய் நின்றார். நான் கம்யூனிஸ்டு அல்ல என்றார். அதோடு நிற்காமல், இந்தப் பட்டியல்காரர்கள் அற்பர்கள், அவதூறுக்காரர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அநியாயமாகக் குற்றம் சாட்டப்பட்ட கலைஞர்களைக் காப்பது உங்கள் கடமையல்லவா என்றும் கேட்டார்.

யாரிடம் கேட்டார் பாருங்கள்! கமிட்டியின் தலைவர் ஜார்ஜியா மாகாணத்து ஜான் உட். கறுப்பருக்குத் தனிப் பள்ளி, தனி ரயில் பெட்டி, தனிச் சுடுகாடு என்று சட்டம் போட்டிருந்த மாகாணம். இதே கமிட்டியிடம் 1946-ல், கறுப்பின மக்களை உயிரோடு கொளுத்திய கூக்ளக்ஸ் க்ளான் என்ற கொலைக் கும்பலையும் விசாரிக்கும்படி கேட்டபோது, மறுத்துவிட்டது. அது அமெரிக்காவின் பழைய ஸ்தாபனமாயிற்றே என்றார் ராங்கின் என்ற உறுப்பினர்! கொளுத்துகிறவன் அமெரிக்கன். ஏப்ரன் கட்ட மறுக்கிறவள் அமெரிக்கவிரோதி.

சரியாக ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 29-ல் நிகழ்ச்சி நின்றது. ஜூலையில் வைத்த செடி செப்டம்பரில் பிடுங்கப்பட்டது.

‘நிரபராதி’ என்கிற வாதம்

இங்கேதான் அந்த அனுதாபிகள் வருகிறார்கள். ‘கம்யூனிஸ்டு அல்லாதவரை எப்படித் தண்டிக்கலாம்?’

நான் திருப்பிக் கேட்கிறேன்: அப்படியானால் கம்யூனிஸ்டைத் தண்டிக்கலாமா? அந்த 151 பேரில் எவரேனும் கட்சிக் கார்டு வைத்திருந்தால், அவர் பியானோவை உடைத்துவிடலாம், அவர் பிள்ளைகள் பட்டினி கிடக்கலாம், அது சரியான பட்டியல் ஆகிவிடுமா? ‘பிசகாகச் சேர்த்துவிட்டார்கள்’ என்று சொல்கிற ஒவ்வொருவரும், பிசகில்லாமல் சேர்க்கப்பட்டவனின் கழுத்தில் கயிற்றை இறுக்கிவிட்டுப் போகிறார்கள்.

ஹார்லெமிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன். பெஞ்சமின் டேவிஸ் என்ற கறுப்பின வக்கீல், பகிரங்கமான கம்யூனிஸ்டு. 1943-ல் ஹார்லெம் மக்கள் அவரை நியூயார்க் நகரசபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1945-ல் மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். 1949-ல் ஸ்மித் சட்டத்தின்கீழ் அவருக்கு ஐந்து வருஷத் தண்டனை விதித்து, நகரசபையிலிருந்தும் வெளியேற்றினார்கள். யாரையும் அடித்தாரா, எங்கேயாவது குண்டு வைத்தாரா? கட்சியின் தலைவர்களில் ஒருவராக இருந்ததுதான் குற்றம். பால் ராப்ஸன் என்ற உலகம் போற்றும் பாடகரின் பாஸ்போர்ட்டை 1950-ல் பிடுங்கினார்கள். 1958 வரை நாட்டைவிட்டு வெளியே போக விடவில்லை. ‘நிரபராதி’ வாதக்காரர்களின் தராசில் இவர்கள் எந்தத் தட்டில்?

ஒளிக்காமல் ஒன்று சொல்ல வேண்டும். அந்த டேவிஸின் 1943 தேர்தலை ஹேஸல் ஸ்காட் ஆதரித்தார். கமிட்டியில் அதைப் பற்றிக் கேட்டபோது, டேவிஸை ஆதரித்தவர்களில் சோஷலிஸ்டுகள் இருந்தார்கள், அவர்கள் கம்யூனிஸ்டுகளை வெகுகாலமாக வெறுப்பவர்கள் என்று ஒரு சமாதானம் சொன்னார். படித்தபோது எனக்கு மனது கஷ்டப்பட்டது. டெக்ஸாஸில் நிமிர்ந்து நின்ற முதுகு அந்த ஓரிடத்தில் வளைந்தது. ஹார்லெமின் பிரதிநிதியை ஹார்லெம்காரி ஆதரித்தேன், அதற்கென்ன என்று கேட்டிருக்கலாம்.

ஆனாலும் அவரைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. பல வருஷங்களுக்குமுன் ஒரு மில்லில் நடந்த விசாரணைக்குத் தொழிலாளி ஒருவருக்குத் துணையாக எழுதிக் கொடுத்தவன் நான். நோட்டீஸ் ஒட்டினார் என்று சார்ஜ் ஷீட். ‘அன்றைக்கு நான் லீவ், சங்கத்திலும் மெம்பர் இல்லை’ என்று எழுதினால் தப்பிவிடலாம் என்று நானேதான் யோசனை சொன்னேன். உண்மையும் அதுதான். அதிகாரி அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. டிஸ்மிஸ் ஆர்டர் ஏற்கெனவே டைப் ஆகியிருந்தது. பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது: அவர் மேஸ்திரியை ‘வாடா போடா என்று பேசாதே’ என்று சொன்னது ஆறு மாதத்துக்கு முன்பு. குற்றம் அதுதான். நோட்டீஸ் ஒரு சாக்கு. நாங்கள் கேட்காத கேள்விக்கு விழுந்து விழுந்து பதில் எழுதியிருக்கிறோம்.

ஹேஸல் ஸ்காட்டும் சாக்குக்குத்தான் பதில் சொன்னார். ஒன்பது ஸ்தாபனமல்ல, ஒன்பது நூறு ஸ்தாபனத்தை மறுத்திருந்தாலும் செப்டம்பர் 29 வந்தே தீரும். அவருடைய உண்மையான சார்ஜ் ஷீட் வேறே இருந்தது. ஒன்று, அழுக்கு ஏப்ரன். இரண்டு, ஆஸ்டின் மண்டபம். மூன்று, பாஸ்கோவின் 250 டாலர். நாலு, கபே சொஸைட்டி மேடை. அந்தக் கபே சொஸைட்டியை மட்டும் விட்டார்களா? பார்னியின் சகோதரர் லியோன் கம்யூனிஸ்டு வக்கீல். 1947-ல் இதே கமிட்டிக்குப் பதில் சொல்ல மறுத்துச் சிறை சென்றார். பத்திரிகைக் கைக்கூலிகள் அண்ணன் தம்பி இருவரையும் சேர்த்து வசைபாடினார்கள். வாடிக்கைக்காரர் பயந்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேஜையில் உட்கார்ந்த விடுதி இழுத்து மூடப்பட்டது.

இதையெல்லாம் பிசகு என்று எப்படிச் சொல்வது? கறுப்பினப் பெண்ணொருத்தி ஷரத்துப் போடுகிறாள், அது நிறைவேறாவிட்டால் வேலைக்கு வரமாட்டேன் என்கிறாள், மற்றவளுக்காகவும் வரமாட்டேன் என்கிறாள். அவள் வாரத்துக்கு மூன்று முறை தொலைக்காட்சியில் தோன்றினால், அதைப் பார்க்கும் லட்சக்கணக்கான வேலைக்காரிகளும் பருத்திக்காட்டுக் கூலிகளும் என்ன கற்றுக்கொள்வார்கள்? முதலாளிக்கு அது தெரியும். அனுதாபிகளுக்குத்தான் தெரியவில்லை.

பிறகு

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கச்சேரி வாய்ப்புகள் குறைந்தன. 1951-ல் மனமும் உடம்பும் தளர்ந்து படுத்தார். ஆனால் கை ஓயவில்லை. 1955-ல் சார்லஸ் மிங்கஸ், மாக்ஸ் ரோச் என்ற இரண்டு கறுப்பின வித்துவான்கள், பெரிய கம்பெனிகளை நம்பாமல் தாங்களே வைத்திருந்த சின்ன இசைத்தட்டுக் கம்பெனியில் அவரோடு சேர்ந்து வாசித்தார்கள். ‘ரிலாக்ஸ்ட் பியானோ மூட்ஸ்’ என்று பெயர். வித்தை காட்டும் அவசரம் எதுவுமில்லாத, நிதானமான வாசிப்பு. இன்றைக்கும் தெரிந்தவர்கள் அதைத்தான் அவருடைய உச்சம் என்கிறார்கள்.

1957-ல் பாரிஸ் போனார். அங்கே படங்களில் நடித்தார், கச்சேரிகள் செய்தார். அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினக் கலைஞர்களுக்கெல்லாம் அவர் வீடு தாய்வீடாக இருந்தது. 1960-ல் விவாகரத்தாயிற்று. 1963-ல், மார்ட்டின் லூதர் கிங்கின் வாஷிங்டன் பேரணியை ஆதரித்து, எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினோடும் மற்றவர்களோடும் பாரிஸ் வீதியில் அமெரிக்கத் தூதராலயத்துக்கு நடந்தார். காணாமற்போனவர் நடுத்தெருவில் ஊர்வலம் போகிறார்!

1967-ல் நாடு திரும்பியபோது ஜனங்களின் ரசனை மாறிவிட்டது. ஒரு தலைமுறைக்கு அவர் பெயரே தெரியவில்லை. சின்னச் சின்ன விடுதிகளில் வாசித்தார். கடைசிவரை வாசித்துக் கொண்டுதான் இருந்தார். 1981 அக்டோபர் 2-ல் நியூயார்க்கில் புற்றுநோயால் மறைந்தார். வயது 61.

டூமான்ட் நிகழ்ச்சியில் அவர் வாசித்தது, பாடியது ஒரு நிமிஷம்கூட இன்றைக்கு எவரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை. பிரதி எதுவும் மிஞ்சவில்லை. ‘தி ஹீட்ஸ் ஆன்’ மட்டும் இருக்கிறது. இரண்டு பியானோத் துண்டைப் பார்க்கிறவர்கள் அதோடு நிறுத்திவிடாமல், சிப்பாய்களை வழியனுப்பும் காட்சியையும் தேடிப் பாருங்கள். அந்தப் பெண்கள் வரிசையாக வருகிறார்கள். அவர்கள் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை. யார் இடுப்பிலும் ஏப்ரன் இல்லை.